குழாயில் தங்கிய நீலம்

என் தங்கையின் கணவர் அன்று குடிக்கவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் சொன்னால் மட்டுமே என் தங்கை நம்புவாள் என்பதும் தெரியும்... தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இவ்வளவுதான் என் குற்றம். முதல் மூச்சிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எழுந்து போனாலும் தடுக்க மாட்டேன். இருந்து கேட்டால் நடுநடுவே உங்களுக்குச் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரியுங்கள்! நானே பல தடவை சிரித்திருக்கிறேன். சிரித்து ஓய்ந்த பிறகும் நெஞ்சுக்குள் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதற்காகத்தான் உங்களைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

நான் நாமக்கல்லுக்குப் பக்கத்தில் முட்டைக்கோழி வளர்ப்பவன். மோகனூர் சாலையிலிருந்து பிரியும் மண் பாதையில் என் தோட்டம். தோட்டத்துக்குள்ளேயே வீடு. வீட்டை ஒட்டி மருந்து அறை. அதைத் தாண்டினால் கோழிக் கொட்டகைகள்.

இந்தத் தொழிலில் தீவன விலையைவிட எனக்குப் பயம் தண்ணீர்க் குழாய்தான். கொட்டகையின் நீளத்துக்கும் குழாய் ஓடும். அதில் வரிசையாகச் சின்னச் சின்ன நிப்பிள்கள். கோழி அலகால் தட்டினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். வெளியே பார்த்தால் குழாய் பளபளவென்று இருக்கும். உள்ளே விரலை விட்டுப் பாருங்கள்... வழவழவென்று ஒரு படலம்! நாம் கலந்த வைட்டமின், நாம் கலந்த மருந்து, எல்லாம் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, அதில் கிருமி குடியேறி, ஒரு ஊரே கட்டிவிடும். ஆகவே குழாய் அலசுவதில் நான் கொஞ்சம் கிறுக்கன். என் மனைவி சரோஜா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். "இவுங்க பல்லு வெளக்க மறந்தாலும் மறப்பாங்க, பைப்பு அலச மறக்க மாட்டாங்க."

இப்படிப்பட்டவன் கையில் ஒரு பீர்க் குழாய் கிடைத்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்!

பெங்களூரில் ஓட்டல் நடத்தி, அது ஓடாமல் மூடிவிட்ட நண்பன் ஒருவன் எனக்கு அதைக் கொடுத்தான். ஒரு கேஸ் சிலிண்டர், அழுத்தம் காட்டும் மீட்டர், நீளமான ஒரு குழாய், நுனியில் கைப்பிடி வைத்த ஒரு டேப். தடுப்பு மருந்து வைத்த பழைய ஃபிரிட்ஜ் ஒன்று மருந்து அறையில் சும்மா கிடந்தது. அதன் கதவில் துளை போட்டு டேப்பை வெளியே நீட்டினோம். உள்ளே பீப்பாய், வெளியே டேப். பீப்பாய் எங்கள் ஊருக்கு எப்படி வந்து சேர்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு பாவத்தைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியும்.

அதைப் பொருத்திக் கொடுத்தவர் சிவகுமார். என் தங்கை பூங்கொடியின் கணவர் அவர்தான். ஜேடர்பாளையத்துக்காரர். பல வருடங்கள் ரிக் லாரியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். காற்றழுத்தம், வால்வு, ஹோஸ் என்றால் அவர் கை தானாக வேலை செய்யும். ரிக்கில் இருந்த காலத்தில் குடியும் கூடவே இருந்தது. பூங்கொடி அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள். இன்னொரு தடவை குடித்தால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வர மாட்டேன். மனிதர் குலதெய்வக் கோயிலில் கையில் கயிறு கட்டிக்கொண்டு, ரிக் வேலையையும் குடியையும் ஒன்றாக விட்டுவிட்டு, ஆற்றோரம் வாழை போட ஆரம்பித்தார்.

விட்டார் என்றால் உண்மையாகவே விட்டார். டேப்பைப் பொருத்திய அன்று, முதல் டம்ளரை நான் அவரிடம்தான் நீட்டினேன். "நமக்கு மோரு போதுமுங்க மச்சான்" என்று கயிறு கட்டிய கையை ஆட்டிச் சிரித்தார். குடிப்பதை விட்டவர், மற்றவர்கள் குடிப்பதற்காக வால்வை இறுக்கிக் கொடுத்தார். அவரைப் போல ஒரு மனிதரை எங்கே பார்ப்பீர்கள்?

டேப் வந்த பிறகு என் பெருமைக்கு அளவில்லை. பீர் குடிப்பதைவிட அந்தக் குழாயை அலசுவதில்தான் எனக்கு இன்பம். சொன்னால் நம்ப மாட்டீர்கள்!

நுரை மட்டும் பொங்கி வந்தால் எல்லாரும் கேஸைத் திருகுவார்கள். கேஸ் பாவம், அது என்ன செய்யும்! டேப்பைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பழைய பீர் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். பீர் அதில் மோதித்தான் நுரையாகிறது. கைப்பிடி இறுகிக்கொண்டால் பலத்தைக் காட்டி இழுக்காதீர்கள். பிரித்து, வெந்நீரில் ஊற வைத்து, சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, ரப்பர் வளையத்துக்கு உணவுக்கு ஆகிற கிரீஸ் கொஞ்சம் தடவிப் பூட்டினால் ஒரு விரலுக்குக் கட்டுப்படும். பீப்பாய் மாற்றும்போதெல்லாம் குழாய்க்குள் தண்ணீர் விட வேண்டும். பிறகு அலசும் மருந்தை ஏற்றி ஊற விட வேண்டும். பிறகு மறுபடியும் தண்ணீர்... மருந்தின் கடைசிச் சொட்டு போகும்வரை தண்ணீர். வேலை முடிந்ததும் டேப்பின் வாய்க்கு ஒரு மூடி. இல்லையென்றால் பழ ஈ உள்ளே போய்க் குடும்பம் நடத்தும்.

மருந்து முழுதாகப் போய்விட்டது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் என் மூளை வேலை செய்தது. இங்கேதான் வினையும் ஆரம்பித்தது...

கோழிகளுக்குத் தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் நாளில் கூடவே ஒரு மாத்திரை போடுவோம். போட்டதும் புஸ்ஸென்று கரைந்து தண்ணீர் நீலமாகிவிடும். தண்ணீரில் உள்ள குளோரினை முறிக்க அது. நீலச் சாயம் எதற்கென்றால், பிறகு கொட்டகைக்குள் போய் அங்கங்கே கோழியைப் பிடித்து வாயைப் பிளந்து பார்ப்போம். நாக்கு நீலமாக இருந்தால் அந்தக் கோழி குடித்தது. இல்லாவிட்டால் குடிக்கவில்லை. கோழி பொய் சொல்லாது!

அந்த மாத்திரையை நான் பீர்க் குழாய்க்கும் போட்டேன். மருந்து விட்டு அலசியதும் நீலத் தண்ணீரைக் குழாயில் ஏற்றுவேன். பிறகு வெறும் தண்ணீர் விடுவேன். நீலம் போய்த் தெளிவாக வந்துவிட்டால் குழாய் சுத்தம். என் கண்டுபிடிப்பைக் கேட்டுப் பூங்கொடி கைதட்டிச் சிரித்தாள். சின்ன வயதில் எங்கள் அப்பாவின் கொட்டகையில் கோழியைப் பிடித்து நாக்குப் பார்ப்பது அவள் வேலையாக இருந்தது. அவள் கண்ணிலிருந்து ஒரு கோழியும் தப்பியதில்லை.

நோம்பிக்கு வருகிறேன். ஆடியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு நோம்பி, அதாவது திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் நோம்பி முடியும்வரை ஊரில் கறி கிடையாது, குடி கிடையாது. அந்த வருடம் முன்நின்று நடத்தும் பொறுப்பு எனக்கு. என் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு. பூங்கொடியும் சிவகுமாரும் நோம்பிக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சரோஜா என்ன செய்தாள் தெரியுமா? ஒரு மஞ்சள் கயிற்றில் வேப்பிலையைச் செருகி டேப்பின் கைப்பிடிக்கும் கட்டிவிட்டாள்! "அதுக்கும் காப்பு. அவுத்தீங்கன்னா ஆத்தா பாத்துக்குவா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். நான் மருந்து அறைக்குப் போனேன். குழாயைச் சுத்தம் செய்யக் கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லையே! சுத்தம் செய்ய வேண்டுமானால் டேப்பைக் கழற்ற வேண்டும். கழற்ற வேண்டுமானால் கயிற்றை அவிழ்க்க வேண்டும். எப்படி நியாயம் பேசினேன் பாருங்கள்... அவிழ்த்தேன். மருந்து விட்டேன். நீலம் ஏற்றினேன்.

அந்த நேரம் பார்த்து என் பெரியப்பா மகன் துரையும், எதிர்த் தோட்டத்து மணியும் வந்து நின்றார்கள். துரை ஃபிரிட்ஜைத் திறந்து பீப்பாயை ஆட்டிப் பார்த்தான்.

"கொஞ்சந்தான் இருக்குதுங்ண்ணா. நோம்பி முடியறதுக்குள்ள கெட்டுப் போயிரும். ஆகாரத்த வீணாக்கறதும் பாவந்தானுங்க" என்றான்.

நான் மறுத்தேனா? இல்லை. பிறகு என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர் விட்டுக் குழாயைத் தெளிய வைக்காமலே பீப்பாயை மாட்டினேன். மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். மறக்கவில்லை. சரோஜா வந்துவிடுவாளோ என்ற அவசரம். கொஞ்சம் நீலம் இருந்தால் என்ன, சாயம்தானே, கோழிக்கே ஒன்றும் ஆவதில்லை என்று நினைத்தேன். ஊரில் உள்ள குழாய்க்கெல்லாம் புத்தி சொல்லுகிறவன் நான்!

முதலில் ஒரு எவர்சில்வர் ஜக்கில் பிடித்து, அதிலிருந்து எல்லாருக்கும் ஊற்றுவது எங்கள் வழக்கம். டம்ளரும் எவர்சில்வர்தான். யாராவது எட்டிப் பார்த்தால் மோர் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதனால் நிறம் யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடி டம்ளராக இருந்திருந்தால் மஞ்சள் பீரும் நீலமும் கலந்து பச்சைப் பசேலென்று காட்டிக் கொடுத்திருக்கும்.

சிவகுமார் எங்களைத் தேடிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை நிறைய நாவற்பழம். காலையில் ஊரிலிருந்து கிளம்புமுன், பூங்கொடிக்குத் தெரியாமல் ஆற்றோர மரத்தில் பறித்தது. பூங்கொடிக்கு நாவற்பழம் என்றால் உயிர். வண்டிப் பெட்டியில் மறந்துவிட்டு, இப்போதுதான் எடுத்துக்கொண்டு வருகிறார். ஜன்னலோரம் தீவன மூட்டை மேல் உட்கார்ந்தார். நாங்கள் குடித்தோம். அவர் பையில் கைவிட்டு ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டார். கொட்டையை ஜன்னல் வழியே துப்பினார். இன்னொன்று. இன்னொன்று...

"பூங்கொடிக்கு வெச்சிருக்கறத முடிச்சிருவீங்களாட்ட இருக்குது, மாப்ள" என்றேன்.

அவர் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "வாசம் வருதுங்க மச்சான். வாய் சும்மா இருந்தா ஆச வருது. வாய்க்கு ஒரு வேல குடுத்துட்டா அடங்கிப் போயிருது."

எழுந்து வெளியே போகலாம்தான். ஆனால் போனால் எங்களைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போனது போலாகிவிடும் என்று அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். எங்கள் மனம் நோகாமலிருக்க ஒரு பை நாவற்பழத்தைத் தின்று தீர்த்தார். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

மூவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். நான் டேப்பைத் துடைத்து, மூடி போட்டு, வாய் கொப்பளிக்கப் போனேன். கண்ணாடியில் பார்த்தால்... ஐயோ! நாக்கு முழுக்க மையைக் கொட்டியது போல நீலம்! உப்புப் போட்டுத் தேய்த்தேன். வேப்பங்குச்சியால் வழித்தேன். போகவில்லை. கோழிக்குப் போட்டால் போகக் கூடாது என்றுதானே அந்தச் சாயத்தைச் செய்திருக்கிறார்கள்!

ஓடிப் போய் மற்றவர்களை எச்சரித்திருக்கலாம். செய்யவில்லை. என் நாக்கை மறைப்பதிலேயே குறியாக இருந்தேன். அந்த அவசரத்தில் டேப்புக்கு மறுபடி காப்புக் கட்டக்கூட மறந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் பொழுது சாய்ந்து மஞ்சள் பல்பு போட்டிருந்தார்கள். சரோஜா பானகம் கரைத்து எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். "நீங்க எங்க போயிட்டீங்க?" என்று கேட்டாள். நான் உதட்டில் விரல் வைத்துக் கோயில் பக்கம் கை காட்டினேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"மௌன விரதமுங்களா? சொல்லவே இல்லீங்களே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பொய்க்கு அவளே பெயரும் வைத்துக் கொடுத்துவிட்டாள்.

துரை ஏதோ கேலி பேசினான். மணி வாய்விட்டுச் சிரித்தான். பானகச் செம்போடு நின்ற சரோஜா அவன் வாயையே பார்த்தாள்.

"ஏனுங்ண்ணா, உங்க நாக்கு ஏன் இப்படி இருக்குது?"

பூங்கொடியும் எட்டிப் பார்த்தாள். "வேக்சின் தண்ணி குடிச்ச கோழியாட்டம் இருக்குது" என்று சிரித்தாள். சிரித்தவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். விறுவிறுவென்று மருந்து அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அவிழ்த்த மஞ்சள் கயிறும் வேப்பிலையும் இருந்தன.

"எல்லாரும் வாயத் தொறங்க" என்றாள்.

நீங்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும்! கொட்டகையில் கோழியைப் பிடிப்பது போலவே தாடையைக் கட்டைவிரலால் அழுத்தி, முகத்தைப் பல்பின் பக்கம் திருப்பி... முதலில் மணி. நீலம். அடுத்து துரை. நீலம்.

"நாவப்பழமுங்க அம்மிணி. மூணு பேரும் நாவப்பழந்தான் தின்னோம்" என்றான் துரை, வாய் கூசாமல்.

அடுத்து சிவகுமார். அவர் நாக்கு நாவற்பழ நிறம். வெயிலில் வைத்துப் பார்த்தால் அது ஊதா, இது நீலம் என்று பிரித்துச் சொல்லலாம். மஞ்சள் பல்பில் இரண்டும் ஒரே கருநீலம். வாடையை வைத்துச் சொல்லலாமென்றால், எல்லார் வாயிலும் சுக்கும் ஏலக்காயும் போட்ட பானக வாசம்.

"நான் நெசமாலுமே நாவப்பழந்தான் தின்னேன், பூங்கொடி" என்றார் அவர்.

பாவம் மனிதர்! அந்த 'நெசமாலுமே' துரையையும் காட்டிக் கொடுத்தது. அவரையும் காப்பாற்றவில்லை. துரை திருடிப் பயன்படுத்திவிட்ட சாக்கு, இவர் வாயில் வரும்போது எச்சிலாகிவிட்டது.

"பழம் ஏதுங்க?"

"ஆத்தோரம் பறிச்சது. உனக்குத்தான் பறிச்சேன்."

"எனக்குப் பறிச்சத நீங்க ஏன் தின்னீங்க?"

அவர் காலிப் பையைப் பார்த்தார். "வாய்க்கு ஒரு வேல வேணும்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

பூங்கொடியின் கண் கலங்கிவிட்டது. விரதக்காரன் என்று என் நாக்கைப் பார்க்காமல், என்னிடம் திரும்பினாள். "அண்ணா, நீங்க அங்கதான இருந்தீங்க? நீங்க சொன்னா நான் நம்பிக்கறேன். இவரு குடிச்சாரா, இல்லியா?"

என் வாய்க்குள் நீலம். வாயைத் திறந்தால் நோம்பியை நடத்துகிறவன் காப்புக் கையோடு குடித்தது ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே பேச முடியவில்லை என்று பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்...

ஆனால் வாயைத் திறக்கவே வேண்டியதில்லையே! இல்லை என்று தலையை ஒரு முறை ஆட்டியிருந்தால் போதுமே! அதற்கு எந்த நாக்கு வேண்டும்?

அவள் அடுத்து, அப்படியானால் யார் ஊற்றிக் கொடுத்தது என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். இரண்டு கையையும் மேலே தூக்கி வானத்தைக் காட்டினேன். சாமிக்குத் தெரியும் என்பதுபோல. அதை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அண்ணனுக்குச் சொல்ல மனம் வரவில்லை, ஆகவே குடித்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

"நீங்க ஊருக்குப் போங்க. நான் வரல" என்றாள் கணவரிடம்.

சிவகுமார் என்னைப் பார்த்தார். நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார்.

மறுநாள் காலையில் மருந்து அறை ஜன்னலுக்குக் கீழே நாவற்கொட்டைகள் கொத்தாகக் கிடந்தன. ஒரு கை அள்ளி அவளிடம் காட்டினால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். நான் காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். இதையும் சொல்லிவிடுகிறேன். பேசாமல் நின்றதற்காவது அந்த நேரத்துப் பயம் என்று ஒரு காரணம் இருந்தது. மண்ணைத் தள்ளியபோது என்னிடம் பயம்கூட இல்லை.

என் நாக்கு அன்றே தெளிந்துவிட்டது. ஆனால் விரதம் தெளியவில்லை! சரோஜா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். கோயிலில் எனக்கு முதல் மரியாதை. பெரியவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். பூசாரி என் நெற்றியில் அள்ளி அள்ளித் திருநீறு பூசினார். நோம்பி முடியும்வரை நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் விரதம் முறிந்துவிடுமே!

வீட்டிலோ பூங்கொடி எனக்குப் பிடித்ததாகவே சமைத்துப் போட்டாள். பருப்புக் குழம்பு, அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளு ரசம். பரிமாறிக்கொண்டே சரோஜாவிடம் சொன்னாள். "எங்க அண்ணனாட்ட ஒரு ஆம்பளயக் காட்டுங்க அண்ணி. வீட்டுலயே டேப்பு இருக்குது, காப்புக் கட்டுனா தொடறதில்ல." சோறு எனக்குத் தொண்டையில் நின்றது. தண்ணீர் கேட்கக்கூட முடியவில்லை, மௌன விரதம்!

நோம்பி முடிந்து வாய் திறந்தது. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் கொட்டகைக்குள் போய் ஒத்திகை பார்த்தேன். கோழிகளிடம் அழகாகச் சொன்னேன். வீட்டுப் படி ஏறியதும் நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றும். பூங்கொடி பகலில் சிரித்துப் பேசுவாள். மாலையானால் சாலையில் போகும் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் தலை தூக்குவாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்...

நான் நாளை நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தபோது சிவகுமார் வந்தார். கையில் ஒரு தார் வாழை. வாசலிலேயே நின்று, எங்கள் எல்லார் முன்னிலையிலும் சொன்னார்.

"குடிச்சேன் பூங்கொடி. ஒரு டம்ளரு. தப்புத்தான். இனிமே குடிக்க மாட்டேன், ஊட்டுக்கு வா."

என் காதுகளை நான் நம்பவில்லை. ஒரு சொட்டுத் தொடாத மனிதர்! அன்று வீட்டுக்கு வந்திருந்த துரை தலையைக் குனிந்துகொண்டான். பூங்கொடி அழுதாள், திட்டினாள், கடைசியில் சிரித்தாள். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா என்னவாம்? பொய் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கல" என்றாள். உண்மை சொன்னபோது பொய் என்றவள், பொய் சொன்னபோது உண்மை என்று மன்னித்தாள். அவள்மேல் தவறில்லை. அவளுக்குச் சாட்சி சொல்ல வேண்டியவன் நான்தான்.

அவள் துணி எடுத்து வைக்க உள்ளே போனாள். சிவகுமார் கை கழுவ மருந்து அறைக்குப் போனார். பின்னாலேயே போனேன்.

"மாப்ள..." என்றேன்.

"உடுங்க மச்சான். நெசத்த வெச்சுக்கிட்டு ஊட்டுல ஒண்டியா உக்காந்து பாத்தேன். அது எங்கூடப் பேச மாட்டேங்குது" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே டேப்பின் கைப்பிடியை ஒரு விரலால் அசைத்துப் பார்த்தார். "நல்லா லேசா வெச்சிருக்கீங்க. நீலம் போட்டா மட்டும் தெளிவா வர்ற வரைக்கும் தண்ணி உடுங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு முறையாவது திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்த வசதியையும் அவர் எனக்குக் கொடுக்கவில்லை.

இப்போது நான் உண்மையைச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொன்னால், அவர் எனக்காகச் சுமந்த பொய் உடையும். என் தங்கை மன்னித்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பது, மன்னிக்க ஒன்றுமே இல்லாத மனிதரை என்று ஆகிவிடும். இப்படியெல்லாம் காரணம் சொல்லுகிறேன். டேப்புக் கயிற்றை அவிழ்க்கும்போதும் இப்படித்தான் நியாயம் பேசினேன். எனக்கே என் காரணங்கள்மேல் நம்பிக்கை இல்லை.

டேப் இன்னும் இருக்கிறது. முன்னைவிடச் சுத்தமாக இருக்கிறது. நீல மாத்திரையைக் கோழிகளோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது குழாயை அலசிவிட்டு, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்க்கிறேன். தெளிவாகத்தான் இருக்கிறது. மறுபடியும் விடுகிறேன். தெளிவாக வந்த பிறகும் தண்ணீர் விட்டுக்கொண்டே நிற்கும் என்னைப் பார்த்து, மோட்டார் எத்தனை நேரம் ஓடும் என்று சரோஜா சத்தம் போடுகிறாள்.

நான் மண்ணைத் தள்ளி மூடினேனே, அந்த இடத்தில் மழைக்கு நாவற்கன்று முளைத்தது! பிடுங்கிப் போட மனம் வரவில்லை. சரோஜா பாத்திரம் கழுவிய தண்ணீரை விட்டு விட்டு, இப்போது அது என் தோளுக்கு வளர்ந்துவிட்டது. போன நோம்பிக்கு வந்தபோது பூங்கொடி அதைத் தடவிப் பார்த்தாள்.

"அண்ணா, இது காய்க்கட்டும். அப்பறம் இவருக்குச் சாக்குத் தேடி ஆத்தோரம் போக வேண்டியதில்ல" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். சிவகுமார்தான் அதிகம் சிரித்தார். நோம்பிக்கு நோம்பி இது எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டாகிவிட்டது. எல்லாரும் கூடியிருக்கும்போது அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்க, வாயத் தொறங்க பாக்கலாம்" என்பாள். அவர் நல்ல பிள்ளையாகக் குனிந்து நாக்கை நீட்டுவார். நாக்கு சுத்தமாக இருக்கும். அவள் அவர் கன்னத்தில் தட்டி, "தேறிட்டீங்க" என்பாள். துரையும் மணியும் கைதட்டுவார்கள். அவர் நாக்கை நீட்டியபடியே ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் கோபம் இருக்காது.

போன நோம்பியில் அவள் அதோடு விடவில்லை. சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் தொறங்கண்ணா, ஒரு வெளையாட்டுக்கு."

என் நாக்கில் அன்று நீலம் இல்லை. ஒன்றுமே இல்லை. காலையில் நானே கண்ணாடியில் பார்த்திருந்தேன்... ஒவ்வொரு நோம்பிக்கும் பார்க்கிறேன்.

நான் உதட்டில் விரல் வைத்துக் கோயில் பக்கம் கை காட்டினேன்.

"அடடா, நோம்பின்னா உங்களுக்கு மௌன விரதமுங்களே! மறந்தே போயிட்டேன்" என்று பூங்கொடி பதறிப் போய் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் பக்கத்தில் நின்ற சிவகுமாரும் கும்பிட்டார்.